பூசையில் வைக்காத பிஸ்டல்

நமது துப்பாக்கி சுடும் கழகத்தின் மலருக்கு, ‘நல்ல பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பது எப்படி’ என்று ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு பழைய புகைப்படத்தை அனுப்பி, அதன் அடியில் அச்சிடப்போகும் வரியைச் சரிபார்த்துத் தரும்படியும் சொல்லியிருக்கிறார்கள். ‘1937-இல் திருச்சியில் நமக்குக் கோப்பையை வென்று தந்த பிஸ்டலுடன் முதல் பயிற்சியாளர் திரு. அருளானந்தம்.’ போட்டி நடந்தது 1939, தை மாதம். கோப்பையைப் பிஸ்டல் வென்று தரவில்லை. ஒரே வரியில் இவ்வளவு பிழைகளை அடக்குவதற்கும் திறமை வேண்டும்.

கழகத்துக்குப் புதிய பிஸ்டல்கள் வாங்கப்போகிறார்களாம். அதற்கான கூட்டத்துக்கு மரியாதைக்காக என்னையும் அழைத்து ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். பளபளப்பான படங்களுள்ள புத்தகம் ஒன்று கைக்குக் கை மாறியது. பெண் பார்க்கப் போனவர்கள்கூட அந்தப் பெண்ணை ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லுவார்கள். இவர்கள் படத்தைப் பார்த்தே தாலி கட்டத் தயாராக இருந்தார்கள். எந்தக் கை அதைப் பிடிக்கப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. இந்தக் கழகம் அந்தக் கேள்வியை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறது. கேட்டதற்காக வருத்தப்பட்டும் இருக்கிறது.

நான் 1931-இல் இங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். கழகத்துக்குச் சித்தன்னவாசல் போகும் பாதையில், செம்மண் மேட்டை வெட்டி அமைத்த ஒரு சுடுகளம் இருந்தது. முதல் சில வருஷங்கள் இலக்கு அட்டைகளில் ஓட்டை எண்ணினேன், தோட்டா கணக்கு எழுதினேன், குழல் துடைத்தேன். அதற்கு மேல் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பொழுது போகாத வேளைகளில் பிஸ்டல் சுடுவதைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் கிடைத்தவரை படித்தேன். உறுப்பினர்கள் ஒருவரும் படிக்காததால் அவை எப்போதும் என்னிடமே இருந்தன.

உறுப்பினர்கள் பிஸ்டல் வாங்கிய அழகை எழுதினால் மலர் போதாது. ஒருவர் குதிரைவண்டி லாந்தர்போல் மின்ன வேண்டுமென்று நிக்கல் பூசியதை வரவழைத்தார். வெயிலில் குறி பார்த்தால் அவருடைய பிஸ்டலே அவருடைய கண்ணைக் கூசவைத்தது. கழகத் தலைவரின் மைத்துனர் தந்தப் பிடி போட்டு அதில் தம் பெயரின் முதலெழுத்தைப் பொறிக்கச் செய்தார். வியர்த்த கையில் தந்தம் விரால் மீன் மாதிரி வழுக்கும். அவர் குறியைத் தவறவிடும்போதெல்லாம் தோட்டாவைக் குறை சொல்லிவிட்டு, அந்த எழுத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். இன்னொருவர் தம் ஜாதகத்தைக் காட்டித் தம் ராசிக்கு எத்தனை அங்குலக் குழல் பொருந்தும் என்று ஜோசியரைக் கேட்டார். ஜோசியர் அதற்கும் பதில் சொன்னார்.

இவர்கள் எல்லோருக்கும் நடுவில் சுபேதார் இருந்தார். முதல் யுத்தத்தில் மெசபடோமியாவரை போய் வந்தவர். கழகத்தின் சுடுகளமும் ஆயுதங்களும் அவர் பொறுப்பு. எனக்கு மேலதிகாரி. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சொல்தான் உண்டு. “ம்.” அந்த ‘ம்’ ஏறி முடிகிறதா இறங்கி முடிகிறதா என்று பிரித்தறிய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. உறுப்பினர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவர் தங்களைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

பிஸ்டல் ஒன்றை அவர் சோதிக்கும் முறையை விரிவாக எழுதுகிறேன். மலர்க் குழு கேட்டது இதைத்தான். முதலில் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். பிஸ்டலைத் திறந்து காலியா என்று தாம் பார்ப்பார். பக்கத்தில் நிற்பவரையும் பார்க்கச் சொல்வார். பிறகு குழலின் பின்வாயில் கட்டைவிரல் நகத்தைச் சாய்த்து வைப்பார். வெளிச்சம் நகத்தில் பட்டு உள்ளே ஏறும். முன்வாய் வழியே பார்த்தால் குழலுக்குள் இருக்கும் புரிகள் தெரியும். துரு ஒரு புள்ளி இருந்தாலும் அப்படியே பெட்டியில் திரும்ப வைத்துவிடுவார்.

அடுத்தது விசை. பிஸ்டலை வானம் பார்க்க நிமிர்த்தி, விசையில் ஒரு கயிற்று வளையம் மாட்டி, எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவார். எவ்வளவு கனத்தில் விடுபடுகிறது என்பதைவிட எப்படி விடுபடுகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். சேற்றிலிருந்து காலை உருவுவதுபோல் இழுத்துக்கொண்டே வந்தால் அது ஆகாது. முருங்கைக் குச்சி ஒடிவதுபோல் சொல்லாமல் கொள்ளாமல் விடுபட வேண்டும்.

கடைசிச் சோதனை பிஸ்டலுக்கு அல்ல, ஆளுக்கு. சுடுகிறவர் இலக்கைப் பார்த்து நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, எங்கே சௌகரியமாக நிற்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குழலின் இரு முனையிலும் உள்ள முன்குறியும் பின்குறியும் ஒரே கோட்டில் நின்றால் அந்தப் பிடி அந்தக் கைக்கு ஏற்றது. முன்குறி மேலே வானத்தையோ கீழே தரையையோ பார்த்தால், அதைச் சரிசெய்ய மணிக்கட்டு ஒவ்வொரு தடவையும் பொய் சொல்ல வேண்டியிருக்கும். களைத்த மணிக்கட்டு பொய் சொல்வதை நிறுத்திவிடும் என்பார் சுபேதார். அவர் பேசிய மிக நீண்ட வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி அருளானந்தம். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நீண்ட விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டராக இருந்தார். விடுப்பில் போனவர் அடுத்த கோடையில் திரும்பிவிடுவார். அதன்பின் மலாயாவுக்குக் கப்பலேறுவது தவிர வேறு வழியில்லை. அங்கே ரப்பர் தோட்டத்தில் அவருடைய அண்ணன் இருந்தார். வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார். அருளானந்தத்துக்குப் போக மனமில்லை. அவர் மனைவி அப்போது முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தார்.

அவருக்கு நம் கழகத்தில் உறுப்பினராகும் வசதி கிடையாது. ஆனால் திருச்சிப் போட்டியில் தொடர்ந்து மூன்று வருஷம் தோற்ற பிறகு, வசதியை மட்டும் பார்த்து ஆள் சேர்த்தால் வசதியாகத் தோற்கலாம் என்பது தலைவருக்கே புரிந்துவிட்டது. தலைவர் நெல் ஆலை வைத்திருந்தவர். தோல்வியைத் தவிர வேறெதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தோல்வியைக் கட்டாயம் பொறுக்க மாட்டார். பள்ளிப் பையன்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் அருளானந்தம் சுட்டதைப் பார்த்து அவரை அணிக்கு அழைத்தார். கழகத்துக்குப் பிஸ்டல் பயிற்சியாளர் ஒருவரை நியமிப்பதாகவும் பேச்சு இருந்தது. திருச்சியில் ஜெயித்தால் அந்த வேலை அருளானந்தத்துக்கு. தோற்றால் மைத்துனரின் நண்பர் ஒருவருக்கு. இதைத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

அருளானந்தத்திடம் புரியாத ஒன்று இருந்தது. ஒருநாள் அவருடைய ஓட்டைகளை ஒரு காலணா மூடிவிடும். மறுநாள் அட்டை அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். கழகத்திலிருந்த பிஸ்டல்கள் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தோம். கண்ணை மூடித் திறக்கும் சோதனையில் ஒன்றுகூட அவர் கையில் நேராக நிற்கவில்லை. பிஸ்டல்தான் சரியில்லை என்று உறுப்பினர்கள் ஏகமனதாக முடிவு செய்தார்கள். அவர்கள் ஏகமனதாக முடிவு செய்த எதுவும் சரியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே சென்னையிலிருந்து இரண்டு பிஸ்டல்களைப் பார்வைக்கு வரவழைத்தோம். பிடிக்காததைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது ஏற்பாடு. 1938, வெகுதானிய வருஷம், புரட்டாசி. இரண்டும் பாயிண்ட் இருபத்திரண்டு அங்குலத் தோட்டா போடுபவை.

ஒன்று ஜெர்மனியில் செய்தது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். அதன் மரப்பிடியைச் சிற்பிபோல் செதுக்கியிருந்தார்கள். கட்டைவிரல் சாய்ந்துகொள்ள ஒரு திண்டு, உள்ளங்கைக் குழியை நிரப்ப ஒரு புடைப்பு. மற்றொன்று நீண்ட குழலுள்ள, ஒவ்வொரு தடவையும் திறந்து ஒரே ஒரு தோட்டா போடுகிற சாதாரணப் பிஸ்டல். பிடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அரிவாள் பிடிபோல் வழவழவென்று இருந்தது. மைத்துனர் அதை எடுத்து வாயருகே வைத்துக் காட்டினார்.

“இதக் கொண்டுபோயி எங்க அக்காகிட்டக் குடுங்க. அடுப்பூதுறதுக்கு ஊதாங்குழல் இல்லேன்னு சொல்லிச்சு.”

தலைவரின் வீட்டில் எத்தனை சமையல்காரர்கள் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் எல்லோரும் சிரித்தார்கள். ஜெர்மன் பிஸ்டலே என்று முடிவாயிற்று. ஊதாங்குழலை எண்ணெய்த் தாளில் சுற்றி, சென்னைக்குத் திருப்ப மரப்பெட்டியில் வைத்து மூடினேன். ஆயுத பூசை வந்ததால் பெட்டி உடனே ரயிலேறவில்லை. கோப்பை நமக்குக் கிடைத்ததற்கு முழுமுதற் காரணம் அந்தத் தாமதம்தான்.

கழகத்தில் ஆயுத பூசை பெரிதாக நடக்கும். எல்லாத் துப்பாக்கிகளும் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கப்படும். சந்தனம், குங்குமம், மாலை, ஒவ்வொன்றின் மேலும் ஓர் எலுமிச்சம்பழம். பின்குறியின் பிளவுக்குள் சந்தனம் காய்ந்துபோகும். அதை ஊசியால் சுரண்டி எடுப்பது அடுத்த வாரம் முழுக்க என் வேலை. விஜயதசமி காலையில் தலைவர் ஒவ்வொரு ஆயுதமாக எடுத்துக் கொடுக்க, சுடுகிறவர்கள் வலது கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். சாமி முன்னால் வைத்து எடுத்த ஆயுதத்தை இடது கையால் தொடக்கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். எழுதப்பட்ட சட்டங்களை உறுப்பினர்கள் படித்ததில்லை என்பதால் இதை மட்டும் எல்லோரும் கடைப்பிடித்தார்கள்.

அருளானந்தத்தின் முறை வந்தது. தலைவர் ஜெர்மன் பிஸ்டலைத் தூக்கினார். அதன் மேலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு மேசை விளிம்பைத் தாண்டியது. பழம் தரையைத் தொடவில்லை. அருளானந்தத்தின் இடது கை எப்போது நீண்டது என்று எனக்குத் தெரியாது. பழம் அதற்குள் இருந்தது. குருவி புழுவைக் கொத்துவதுபோல ஓர் அசைவு. வலது கை தன் பாட்டுக்குப் பிஸ்டலை எதிர்பார்த்து நீட்டியபடியே இருந்தது.

தலைவர் உச்சுக் கொட்டினார். “ஏன் வாத்தியாரே, பூசைப் பழத்தப் போயி நொட்டாங்கையிலயா புடிக்கிறது?”

அருளானந்தம் முகம் சிவந்து பழத்தை வலது கைக்கு மாற்றி மேசையில் வைத்தார். என் பக்கத்தில் நின்ற சுபேதார், “ம்” என்றார். ஏறி முடிந்த ‘ம்’. அவ்வளவு உயரம் ஏறி நான் அதுவரை கேட்டதில்லை.

அன்று மாலை சுடுகளத்தில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். நீ இடக்கைக்காரனா என்று சுபேதார் நேராகக் கேட்டார். அருளானந்தம் திருடியதை மறுப்பவர்போல் மறுத்தார்.

“அதெல்லாம் சின்னப்புள்ளையிலயே விட்டுட்டேங்கய்யா.”

“விட்டியா, விடவச்சாகளா?”

“ஆத்தா சோறு போடறப்ப அந்தக் கையத் துண்டால முதுகோட சேத்துக் கட்டிவிடும். பள்ளிக்கூடத்துல அந்தக் கையில சிலேட்டுக் குச்சியப் பாத்தா மொளியிலயே அடிப்பாக. அப்புறம் அது மறந்துபோச்சு.”

“மறக்கலப்பா. காலைல பழம் புடிச்சுச்சே, அது யாரு?”

இடது கையில் ஜெர்மன் பிஸ்டலைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். எடுத்தவுடனே மூடிக்கொண்டேன். அந்தச் செதுக்கல் முழுக்க வலது கைக்கானது. இடது கையால் பிடித்தால் திண்டு விரலடியில் குத்தும், புடைப்பு உள்ளங்கைக்கு வெளியே நிற்கும், காலித் தோட்டா முகத்துக்குக் குறுக்கே பறக்கும். சுபேதார் என்னைப் பார்த்தார்.

“கிளார்க்கு, அந்த ஊதாங்குழல் போயிருச்சா?”

போகவில்லை. ஆணியைப் பிடுங்கி, எண்ணெய்த் தாளை விலக்கினேன். சுபேதார் முறைப்படி கையைக் கழுவி, காலியா என்று பார்த்து, என்னையும் பார்க்கச் சொல்லி, அருளானந்தத்தின் இடது கையில் கொடுத்தார். கண்ணை மூடச் சொன்னார். கை எழுந்தது, நின்றது. திறக்கச் சொன்னார். அருளானந்தம் கையை இறக்கிவிட்டு மறுபடி கண்ணை மூடித் தூக்கினார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாம் தடவை திறந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. இரண்டு குறிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றன என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி தலைவர். பிஸ்டலை மாற்றுவதற்குக்கூட அவர் சம்மதித்திருப்பார். கையை மாற்றுவது வேறு. மறுநாள் அலுவலகத்தில் மைத்துனரும் இருக்க, சுபேதார் விஷயத்தைச் சொன்னார். தலைவர் கோபப்படவில்லை. நிஜமாகவே திகைத்துப்போனார்.

“என்ன சுபேதார், நீங்களுமா? அத்தன பேரு முன்னாடி, நம்ம ஊரு மானத்த நொட்டாங்கையிலயா தூக்கிக் காட்டச் சொல்றீங்க? சாமிக்கு முன்னாடி வச்சு எடுத்த ஆயுதம். அதப் பீச்சாங்கையில தொட்டா வெளங்குமா?”

நான் புத்தகங்களில் படித்ததையெல்லாம் சொல்லத் தயாராக நின்றேன். மேல்நாட்டில் இடக்கையால் சுட்டு ஜெயித்தவர்கள் உண்டு, மூளையின் எந்தப் பாதி எந்தக் கையை நடத்துகிறது என்றெல்லாம். நல்லவேளை, யாரும் என்னைக் கேட்கவில்லை. சுபேதார்தான் பேசினார்.

“அந்தத் துப்பாக்கி பூசையில வைக்கலீங்களே. திருப்பி அனுப்பப் பெட்டிக்குள்ளல்ல கெடந்துச்சு.”

தலைவர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் தம் கைக்குட்டையைப் பார்த்தார்.

“சந்தனம் வைக்கலியா?”

“வைக்கலீங்க. மாலையும் போடல. அதுக்குச் சாமி யாருன்னே தெரியாது.”

தலைவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் தோஷமில்லை என்றார். குறி, பிடி, விசை, கை, மனிதன் எதற்கும் அசையாதவர் இதற்கு அசைந்தார். இந்தக் கழகம் தன் வரலாற்றில் மிகச் சரியான பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது இப்படித்தான். அதில் சந்தனம் படவில்லை என்பதற்காக. தேர்வு முறை கேட்ட மலர்க் குழுவினர் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

மார்கழி முடியும்வரை தினமும் அருளானந்தம் பள்ளிக்கூடம் விட்டதும் சுடுகளத்துக்கு வந்தார். கட்டிப்போட்டிருந்த கையை அவிழ்த்தால் முதலில் அது மரத்துத்தான் இருக்கும். ஆரம்பத்தில் தோட்டா அட்டையின் கோடுகளுக்கு வெளியே போனது. பிறகு உள்ளே வந்தது. அதன்பின் வெளியே போகவில்லை. முன்குறி வெயிலில் மின்னாமலிருக்க நான் விளக்குப் புகையைக் காட்டிக் கறுப்பாக்கிக் கொடுப்பேன். என் பங்கு அவ்வளவுதான்.

திருச்சிப் போட்டியில் நின்றபடி, ஒற்றைக் கையால், இருபது கஜத் தூரத்து இலக்கைச் சுட வேண்டும். எதிரணி ரயில்வேக்காரர்கள், பாதிப்பேர் வெள்ளைக்காரர்கள். அருளானந்தம் இடது கையைத் தூக்கியதை அவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் நம்மோடு புதுக்கோட்டையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தாம். ஒருவர் தலையில் அடித்துக்கொண்டதைக் கண்ணால் கண்டேன். தந்தப் பிடிக்காரர் வழக்கம்போல் சுட்டு, வழக்கம்போல் துடைத்துக்கொண்டார். நம் மற்ற இருவர் சுமார். அருளானந்தம் கடைசியாக நின்றார். திறப்பு, தோட்டா, மூடல், மூச்சு. ஒவ்வொன்றுக்கும் அதே நிதானம். ஒரே ஒரு தோட்டா போடுகிற பிஸ்டலில் அவசரப்பட முடியாது. அட்டை வந்தபோது எதிரணித் தலைவர் முதலில் அதைப் பார்த்தார். பிறகு நேராக அருளானந்தத்திடம் வந்து கைகுலுக்க வலது கையை நீட்டினார். சற்று யோசித்து, அதை இறக்கிவிட்டுத் தம் இடது கையை நீட்டினார். அன்று நடந்தவற்றில் நாகரிகமானது அது ஒன்றுதான். நம் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோப்பையை அருளானந்தம் வலது கையால்தான் வாங்கினார். ரயிலில் திரும்பும்போது தலைவருக்கு அதில் பெரிய திருப்தி.

“கப்பையாவது சோத்துக்கையில வாங்குனாரே. என்ன இருந்தாலும் ராசியான துப்பாக்கி, மாப்பிள்ளை. நான் பாத்தப்பவே நெனச்சேன்.”

ஊதாங்குழல் என்று சொன்ன மாப்பிள்ளையும் தானும் அப்படியே நினைத்ததாகச் சொன்னார். அந்த மாசிக்குள் உறுப்பினர்களில் பலர் அதே மாதிரிப் பிஸ்டலை வரவழைத்தார்கள். அதை வலது கையால் பிடித்து, முன்பு எவ்வளவு மோசமாகச் சுட்டார்களோ அதே அளவு மோசமாகச் சுட்டார்கள்.

சொன்னபடி அருளானந்தத்துக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. அவர் மலாயா போகவில்லை. மனைவிக்கும் குழந்தைக்கும் நலம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. பயிற்சிக்கு வரும் பையன்கள் முன்னால் அவர் வலது கையால்தான் சுட்டுக் காட்ட வேண்டும். பார்த்துப் பழகிவிடுவார்களாம். போட்டிகளில் அவர் இஷ்டம்.

அந்த இஷ்டத்துக்கும் ஆயுள் கொஞ்சம்தான். 1939 செப்டம்பரில் யுத்தம் வந்தது. திருச்சிப் போட்டி நின்றது, தோட்டா வருவது குறைந்தது. அடுத்த மாதம் ஆயுத பூசை. தலைவர் நன்றி மறக்காதவர். கோப்பை வென்ற பிஸ்டலைச் சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே, எல்லாவற்றுக்கும் நடுவில் வைக்கச் சொன்னார். ரோஜா மாலை, சந்தனம், குங்குமம், பெரிய எலுமிச்சம்பழம். தலைவரே தம் கையால் சந்தனம் வைத்தார். குழலிலிருந்து பிடிவரை, ஓர் இடம் விடாமல்.

நான் சுபேதாரைப் பார்த்தேன். போன வருஷம்போல இப்போதும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பெட்டிக்குள் கிடந்தது என்ற சாக்கு ஒரு தடவைதான் செல்லும்.

“இனி அது சாமி, கிளார்க்கு” என்றார். “சாமி சுடாது.”

சுடவில்லை. விஜயதசமி முடிந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பின்குறியின் பிளவில் அந்தச் சந்தனமும் இருக்கிறது. அதைச் சுரண்ட எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அருளானந்தம் இருபது வருஷத்துக்கு மேல் இங்கே வலது கையால் சுட்டுக் காட்டினார். ஒருநாள் நன்றாக, மறுநாள் அம்மைத் தழும்பாக. பையன்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் இவருக்கு நல்ல பிஸ்டல் கிடைத்துவிட்டது, அதனால் ஜெயித்தார் என்பார்கள். அந்தப் பையன்களில் சிலர்தாம் இப்போது மலர்க் குழுவில் இருக்கிறார்கள்.

புகைப்படம் அந்த விஜயதசமி அன்று எடுத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் போவதற்கு முன்னால், பிஸ்டலோடு பயிற்சியாளரைப் படமெடுக்கத் தலைவர் கடைவீதியிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்தார். அருளானந்தம் மாலை போட்ட பிஸ்டலை வலது கையால் வாங்கி, இலக்கைப் பார்த்து நீட்டி நின்றார். வருஷத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். வரியில் ‘பிஸ்டல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு எதைப் போடுவது என்று கேட்பீர்கள். கோப்பையை வென்று தந்தது படத்தில் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.